வெளியேறும் தண்ணீரின் கணக்கு

தமிழ்ப் பத்திரிகைகளின் தீபாவளி மலர்களில் சலிக்காமல் திரும்பி வரும் துணுக்கு ஒன்று உண்டு. புதுமனைவி செய்த மைசூர்பாகை உடைக்கக் கணவன் சுத்தியல் தேடுவான். அதில் சிரிக்க இனி ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் உள்ளே ஒரு நல்ல புதிர் இருக்கிறது. மைசூர்பாகுக்கு வேண்டியவை கடலை மாவு, சர்க்கரை, நெய், தண்ணீர் என நான்கே பொருள்கள். செய்முறையும் பத்து வரியில் முடிந்துவிடும். சாம்பாரில் விழும் பொருள்களை எண்ணினால் இதைவிட மூன்று மடங்காவது தேறும். ஆனாலும் முதன்முதலாகச் சாம்பார் வைப்பவர் எப்படியோ சாப்பிடத்தக்க ஒன்றை இறக்கிவிடுகிறார். மைசூர்பாகு கிளறுகிறவருக்கோ, அளவுகளை அப்படியே பின்பற்றினாலும், ஒருமுறை கல், ஒருமுறை களி, ஒருமுறை பொலபொலவென்று உதிரும் பொடி என்று கிடைக்கிறது. அதே வீட்டில் பல காலமாகச் செய்துவரும் மூதாட்டி அளவுக் கோப்பையைத் தொடாமலே கூடுகூடாகத் துளைவிட்ட வில்லைகளை எடுத்து அடுக்குகிறார்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை 'கைப்பக்குவம்'. அது புதிருக்குப் பெயர் வைக்கிறதே தவிர, அதை அவிழ்ப்பதில்லை. ஆசைப்பட்டுச் சமைக்க வருபவர் அந்த விடையைப் பொறுத்துக்கொள்வார். நாளாக ஆகக் கை வந்துவிடும் என்று காத்திருப்பார். வேறு ஆளில்லாத காரணத்தால் வேண்டாவெறுப்பாக அடுப்படிக்கு வந்தவருக்கு அது ஒரு தீர்ப்பு: உனக்கு வராது, விட்டுவிடு. அந்தத் தீர்ப்பு தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மூதாட்டியின் வில்லைக்கும் புதியவரின் கல்லுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் பெரும்பகுதியை, பாத்திரத்தை விட்டு வெளியேறும் தண்ணீரின் எடை என்ற ஒரே அளவைக் கொண்டு விளக்கிவிடலாம்.

போடுவதும் போவதும்

சமையல் குறிப்பு என்பது உள்ளே போடும் பொருள்களின் பட்டியல். சாம்பாருக்கு அது போதும். தண்ணியாக இருந்தால் இன்னும் சற்றுக் கொதிக்கவிடலாம். கெட்டியானால் வெந்நீர் ஊற்றலாம். எந்தப் பக்கம் தவறினாலும் திரும்பி வர வழி உண்டு. மைசூர்பாகில் நாம் போடும் மாவும் சர்க்கரையும் நெய்யும் கடைசியில் தட்டில் அப்படியே இருக்கின்றன. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். வேடிக்கை என்னவென்றால், குறிப்புகளில் மிக அலட்சியமாக எழுதப்படுவதும் தண்ணீர்தான்: 'சர்க்கரை மூழ்கும் அளவு.' ஒரு விதத்தில் அது சரி. ஊற்றும் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கேடில்லை, ஏனென்றால் அதில் பெரும்பகுதி போய்விடப்போகிறது. கேடு விளைவிப்பது கடைசியில் எவ்வளவு தங்குகிறது என்பது. அந்த எண் எந்தப் பட்டியலிலும் கிடையாது.

அந்த எண்ணுக்குப் பதிலாகக் குறிப்புகள் இரண்டில் ஒன்றைத் தருகின்றன. ஒன்று நேரம்: 'பத்து நிமிடம் கொதிக்கவிடவும்.' இது யாருடைய அடுப்பில், எவ்வளவு அகலமான வாணலியில், எந்த அளவு தீயில் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னொன்று அடையாளம்: 'ஒரு கம்பிப் பதம் வந்ததும்.' இது நேரத்தைவிட நேர்மையானது, ஆனால் கம்பியை முன்பே பார்த்தவருக்குத்தான் பயன்படும். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்தது. புதிதாகச் சமைக்க வந்த எத்தனையோ பேருக்கு அதுதான் கைவிளக்கு. ஆழாக்கும் பலமும் புழங்கிய அந்தக் காலத்துக்குப் பிறகு கிராம் வந்தது, மில்லிலிட்டர் வந்தது, மின்னணுத் தராசும் வந்துவிட்டது. இத்தனை துல்லியமும் உள்ளே போடும் பக்கத்திலேயே குவிந்தது. வெளியேறும் பக்கம் அன்று எப்படிக் கண்மதிப்பாக இருந்ததோ, இன்றும் அப்படியே இருக்கிறது.

200 கிராம் சர்க்கரை

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாணலியில் 200 கிராம் சர்க்கரை, 100 கிராம் தண்ணீர். கரைந்து கொதிக்கத் தொடங்கும்போது பாகின் மொத்த எடை 300 கிராம். அதில் சர்க்கரையின் பங்கு ஏறத்தாழ 67 விழுக்காடு. இந்தப் பங்கைச் 'செறிவு' என்று அழைப்போம். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறையும், சர்க்கரை குறையாது. ஆகவே செறிவு ஏறும். சர்க்கரை மூலக்கூறுகள் இடையில் நிற்பதால் தண்ணீர் எளிதில் ஆவியாக முடியாமல், கொதிநிலையும் கூடவே ஏறும். கடல்மட்டத்தில் வெறும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 70 விழுக்காட்டுப் பாகு ஏறத்தாழ 106 டிகிரியிலும், 80 விழுக்காட்டுப் பாகு 112 டிகிரியிலும், 90 விழுக்காட்டுப் பாகு 123 டிகிரியிலும், 95 விழுக்காட்டுப் பாகு 140 டிகிரியிலும் கொதிக்கும்.

இப்போது ஒவ்வொரு படியிலும் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். சர்க்கரை எப்போதும் 200 கிராம் என்பதால் கணக்கு எளிது. 70 விழுக்காட்டில் 86 கிராம். 80-இல் 50 கிராம். 90-இல் 22 கிராம். 95-இல் பத்தரை கிராம். நிதானமான தீயில் நிமிடத்துக்குப் 10 கிராம் தண்ணீர் ஆவியாவதாக வைத்துக்கொள்வோம். 70-இலிருந்து 80-க்குப் போக மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேலாகும். 80-இலிருந்து 90-க்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 90-இலிருந்து 95-க்கு ஒரு நிமிடமும் சில நொடிகளும். முதல் மூன்றரை நிமிடத்தில் வெப்பநிலை 6 டிகிரி ஏறுகிறது. கடைசி ஒரு நிமிடத்தில் 17 டிகிரி ஏறிவிடுகிறது.

புதியவரைக் கவிழ்ப்பது இந்தச் சரிவுதான். தொடக்கத்தில் நிமிடக்கணக்கில் நின்று பார்த்தாலும் பாகில் மாற்றம் தெரிவதில்லை. 'இன்னும் நேரமிருக்கிறது' என்ற பாடத்தை வாணலியே அவருக்குக் கற்பிக்கிறது. அந்தப் பாடம் பொய்யாகும் கட்டத்தில் அவர் அதை நம்பித் தொலைபேசியை எடுக்கிறார். 90 விழுக்காட்டுக்கும் 95-க்கும் இடையே வெளியேறும் தண்ணீர் இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இதில் கவனக்குறைவு என்று திட்ட எதுவுமில்லை. முன்பு பலமுறை பார்த்தவருக்குத்தான் கடைசி நிமிடம் வேகமாக ஓடும் என்று தெரியும்.

இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் ஏன் பல்லைப் பதம்பார்க்கிறது? அறை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீரில் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரைதான் கரைந்து நிற்கும். நம் வாணலியில் 22 கிராம் தண்ணீர் மிஞ்சியிருந்தால், ஆறிய பிறகு 44 கிராம் சர்க்கரைக்கே அதில் இடம். மீதி 156 கிராம் திடப்பொருளாக வெளியே வந்தாக வேண்டும். கிளறிக்கொண்டே இருந்தால் அது மாவுத் துகள்களுக்கிடையே நுண்ணிய படிகங்களாக வரும். நாக்கில் பட்டதும் கரையும். தண்ணீர் மேலும் குறைந்துவிட்டால், பாகு இறுகி, சர்க்கரை மூலக்கூறுகள் நகர்ந்து வரிசைகட்ட முடியாமல் நின்ற இடத்திலேயே உறையத் தொடங்கும். இதற்குக் 'கண்ணாடி நிலை' என்று பெயர். ஆரஞ்சு மிட்டாய் பெருமளவு இந்த நிலையில் இருக்கும் சர்க்கரைதான். மைசூர்பாகில் அந்தப் பங்கு கூடக்கூடச் சுத்தியல் நெருங்குகிறது. மறுபக்கம், தண்ணீர் 50 கிராம் தங்கிவிட்டால் வில்லை போட வராது. கரண்டியால் வழித்துச் சாப்பிட வேண்டியதுதான்.

விரல் என்னும் கருவி

அப்படியானால் ஒரு வெப்பமானி வாங்கிச் செருகிவிட்டால் போதுமே என்று தோன்றும். அதைச் சொல்பவர்கள், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே பாகைத் தொட்டு இழுத்துக் கம்பி வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை அளவியலுக்கு முந்தைய காலத்து மிச்சமாகக் கருதுகிறார்கள். எண்கள் வேறு கதை சொல்கின்றன. செறிவு 60-இலிருந்து 70-க்கு ஏறும்போது கொதிநிலை 103-இலிருந்து 106-க்கு நகர்கிறது. வெறும் 3 டிகிரி. மலிவான வெப்பமானியின் பிழையே ஒன்றிரண்டு டிகிரி இருக்கும். போதாததற்கு, வீட்டு அளவுப் பாகு வாணலியின் அடியில் ஒரு விரற்கடை ஆழத்தில்தான் நிற்கும். வெப்பமானியின் முனை அதில் முழுதாக மூழ்காது. அதே இடைவெளியில் பாகின் கெட்டித்தன்மை என்ன ஆகிறது? ஓடும் திரவம் ஓட மறுக்கும் இந்தக் குணத்தை இயற்பியல் 'பாகுநிலை' என்கிறது. 20 டிகிரியில் அளந்தால், 60 விழுக்காட்டுப் பாகின் பாகுநிலை தண்ணீரைப்போல ஏறத்தாழ 58 மடங்கு. 70 விழுக்காட்டில் 480 மடங்கு. வெப்பமானி 3 டிகிரி நகர்ந்த இடத்தில் பாகுநிலை எட்டு மடங்கு தாவிவிட்டது.

விரல்கள் உணர்வது இந்தத் தாவலைத்தான். இன்னொரு நுட்பமும் அந்தச் சோதனையில் இருக்கிறது. சொட்டு விரலுக்கு வரும்போது ஏறத்தாழ உடம்பின் சூட்டுக்கு ஆறிவிடுகிறது. பாகுநிலை வெப்பத்தோடு கடுமையாக மாறும் குணமுடையது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே சூட்டில் அளப்பது முக்கியம். தோல் அந்த வேலையைச் சொல்லாமலே செய்துவிடுகிறது. ஊட்டியில் வெப்பமானியோடு மைசூர்பாகு கிளறுபவர் இன்னும் நன்றாக மாட்டிக்கொள்வார். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே காற்றழுத்தம் குறைவு. வெறும் தண்ணீரே ஏறத்தாழ 93 டிகிரியில் கொதித்துவிடும். பாகின் கொதிநிலைகளும் அதே அளவுக்கு இறங்கும். அங்கே வெப்பமானி 106 காட்டும்போது செறிவு 80 விழுக்காட்டை எட்டியிருக்கும். விரல் சோதனைக்குச் சென்னையும் ஊட்டியும் ஒன்றுதான், ஏனென்றால் அது செறிவை நேரடியாகத் தொட்டுப் பார்க்கிறது.

இதை வைத்துப் பாட்டிமார் எல்லாம் அறிவியலாளர்கள் என்று முழங்கத் தேவையில்லை. எந்த அளவு அதிகமாக மாறுகிறதோ அதைப் பிடித்துக்கொள்வதே நல்ல கருவியின் இலக்கணம். அப்படி ஒன்றைப் பல தலைமுறைப் புழக்கம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. அதற்கு எல்லையும் உண்டு. ஒரு கம்பி என்பது மைசூர்பாகின் தொடக்கக் கோடு மட்டும்தான். மாவு விழுந்த பிறகு இழுத்துப் பார்க்கக் கம்பி இருக்காது.

மாவும் நெய்யும் சேர்ந்த பிறகு

கடலை மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. வெந்நீரில் போட்டால் மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து ஊதிக் களியாகும். பாகில் அப்படி ஆகாமல் இருப்பதற்குக் காரணம், இருக்கும் கொஞ்சத் தண்ணீரையும் சர்க்கரை பிடித்து வைத்திருப்பது. பாகு இளகலாக இருக்கும்போதே மாவைக் கொட்டினால் அந்தப் பிடி தளர்கிறது. புதியவருக்குக் கிடைக்கும் களியின் பிறப்பிடம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து நெய். இங்கேதான் வெளியேறும் தண்ணீர், போகிற போக்கில் ஒரு பெரிய வேலையைச் செய்துவிட்டுப் போகிறது. நல்ல நெய்யில் தண்ணீர் ஏறக்குறைய இல்லை. அதனால் அதை 100 டிகிரிக்கு வெகு மேலே சூடாக்க முடியும். புகையுமுன் இருக்கும் அந்தச் சூட்டில் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது, மாவுக் கலவைக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1.7 லிட்டர் இடத்தைக் கேட்கும். ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்கு எட்டு லிட்டருக்கு மேல். அதில் பெரும்பங்கு காற்றில் போய்விட்டாலும், கலவை பொங்கி நுரைப்பதற்கு மிச்சமே தாராளம். நுரை அடங்குமுன் தட்டில் கொட்டினால், குமிழிகள் இருந்த இடம் துளைகளாக உறைந்துவிடும். பல்லுக்குக் கிடைக்கும் அந்தக் 'கரக்' என்ற ஓசை, சர்க்கரைச் சுவர்களுக்கு நடுவே ஆவி விட்டுச்சென்ற வெற்றிடம் கொடுப்பது.

இந்தக் கட்டத்தில் தயக்கத்துக்கு ஒரு பௌதிக விலை இருக்கிறது. தெறிக்குமோ என்ற பயத்தில் நெய்யை ஆறவைத்து ஊற்றுபவர், கலவையின் சூட்டைக் கீழே இழுத்துவிடுகிறார். ஆவி எழாது, நுரை எழாது, நெய் வெறுமனே கலந்து நிற்கும். தீயைக் குறைப்பதும் அப்படியே. பாகு காய்ச்சும்போது தீயைக் குறைத்தால் நேரம் நீளுமே தவிர, பாகு கெடாது. நெய் ஊற்றும்போது குறைத்தால் துளை போய்விடும். சமையல் குறிப்புகள் இரண்டுக்கும் 'மிதமான தீ' என்று ஒரே சொற்களை எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. துளையே வேண்டாம், நெய்யில் ஊறிய மென்மைதான் வேண்டும் என்பவர்களுக்குக் கோயம்புத்தூர்ப் பாணி மைசூர்பா இருக்கிறது. அது வேறு இலக்கு, அதற்குக் கணக்கும் வேறு.

ஆழமான தட்டில் கொட்டிய மைசூர்பாகின் நடுவில் தெரியும் செம்பழுப்புப் பட்டையும் இந்தச் சூட்டின் விளைவுதான். மேலும் கீழும் ஆறிய பிறகும் நடுப்பகுதி சூடாக இருக்கிறது. அங்கே புரதத்தின் கூறுகளும் சர்க்கரை உடைந்து உண்டான குளுக்கோஸ் முதலியவையும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912-இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீ மையார் விவரித்ததால் இது 'மையார் வினை' எனப்படுகிறது. ரொட்டியின் மேலோட்டிலும் வறுத்த காபிக்கொட்டையிலும் நடப்பது இதுவே.

இன்னும் தெளிவாக எழுதிவிட்டால்?

நியாயமான மறுப்பு ஒன்று இங்கே எழும். இதெல்லாம் மோசமாக எழுதப்பட்ட குறிப்புகளின் குறை. ஒவ்வொரு படியையும் விரிவாக எழுதிவிட்டால், அல்லது காணொளியாகக் காட்டிவிட்டால், புதியவர் தவற வாய்ப்பில்லையே? இதற்குச் சமையலறைக்கு வெளியே ஒரு சான்று இருக்கிறது. கனடாவில் உருவான 'டீ' வகை லேசரைத் தாங்களும் கட்ட 1970-களின் தொடக்கத்தில் பல பிரிட்டன் ஆய்வகங்கள் முயன்றன. அவற்றைத் தொடர்ந்து கவனித்த சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அச்சில் வந்த விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு லேசரை இயங்கவைத்த ஆய்வகம் ஒன்றைக்கூட அவர் காணவில்லை. ஏற்கெனவே கட்டியவர்களோடு நேரில் பழகியவர்களே வெற்றி பெற்றார்கள். குறிப்பிட்ட ஒரு மின்கம்பி குட்டையாக இருந்தாக வேண்டும் என்பது போன்ற விவரங்கள் கட்டுரைகளில் இல்லை. யாரும் மறைக்கவில்லை, அது முக்கியம் என்றே எழுதியவர்களுக்குத் தெரியாது. அடுப்படிக்கு முதன்முதலாக வந்தவர், முனைவர் பட்டம் பெற்ற இயற்பியலாளர்களை விடத் திறமையாகக் குறிப்பைப் பின்பற்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான்.

காணொளி உதவும், ஆனால் விந்தையான இடத்தில் காலைவாரும். நுரையின் தோற்றத்தை அது காட்டும். கரண்டி கைக்குத் தரும் எதிர்ப்பைக் காட்டாது, பச்சை வாசனை போய் வறுபட்ட மணம் வரும் கணத்தையும் காட்டாது. பார்ப்பவர் சலித்துவிடுவார் என்று தொகுப்பாளர் வெட்டி எறிவது எதை? 'மாற்றமே இல்லாத' அந்தக் காத்திருப்பு நிமிடங்களை. கடைசி நிமிடம் எவ்வளவு வேகமானது என்பதை ஒப்பிட்டு உணர வேண்டிய அளவுகோலே அவைதான்.

சரி, அருகில் நின்று சொல்லித்தர ஆளில்லாதவர் கைவிட்டுவிட வேண்டியதுதானா? காலின்ஸின் சான்றை இன்னொரு முறை படித்தால் அப்படித் தோன்றாது. நேரில் பழகியதால் கைமாறியது மந்திரமல்ல. எந்த அளவு முக்கியம் என்ற செய்தி. கம்பியின் நீளம் முக்கியம் என்று தெரிந்த பிறகு அதை எவரும் எழுதி வைக்கலாம். மைசூர்பாகில் முக்கியமானது எது என்று நமக்கு ஏற்கெனவே தெரியும்.

தராசில் ஏறும் வாணலி

வெளியேறுவது தண்ணீர் மட்டும் என்றால், வாணலியை எடைபோட்டால் போதும். காலி வாணலியையும் கரண்டியையும் முதலில் நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். பாகு 300 கிராமில் தொடங்கி 286-க்கு இறங்கினால் செறிவு 70. 250-க்கு இறங்கினால் 80. வெப்பமானி தடுமாறும் இடத்திலும் தராசு தடுமாறாது, ஊட்டியிலும் கணக்கு மாறாது. மாவும் நெய்யும் சேர்ந்த பிறகும் இதே கணக்குதான், அவற்றின் எடையையும் கூட்டிக்கொண்டால் போதும். சூடான வாணலியை நேரே தராசில் வைத்தால் தராசு உருகும். இடையில் ஒரு மரப்பலகை வேண்டும், பலகையின் எடையையும் கழிக்க வேண்டும். நுரை பொங்கும்போது ஓயாமல் தூக்கி நிறுத்துக்கொண்டிருந்தால் சூடு இறங்கிவிடும் என்பதால் இறுதியை நெருங்கும்போது ஒருமுறை மட்டும். கடலை மாவு தன்னிடமே ஈரம் வைத்திருக்கும். நம் தேடல் சில கிராம்களைப் பற்றியது ஆகையால், வறுத்த பிறகே மாவை நிறுக்க வேண்டும். சமையலறையில் இவ்வளவு தளவாடமா என்று மூதாட்டி சிரிப்பார், நியாயமாகத்தான். அவருக்கு இது தேவையில்லை. ஆனால் இரண்டாவது முறையே தேறிவிட வேண்டும் என்ற அவசரம், சமையலில் விருப்பமில்லாதவருக்குத்தான் அதிகம். கல்லாகிப்போன முயற்சியின் இறுதி எடை கையில் இருந்தால், அடுத்த முறை பத்து கிராம் கூடுதலாக இருக்கும்போதே இறக்கிப் பார்க்கலாம்.

அவர் தவிர்க்க வேண்டிய ஓர் இயல்பான தவறு, கெட்டால் நட்டம் குறையட்டும் என்று அரைப் பங்கு செய்து பார்ப்பது. 100 கிராம் சர்க்கரையில் 90 விழுக்காட்டுக்கும் 95-க்கும் இடையே போக வேண்டிய தண்ணீர் ஆறு கிராமுக்கும் குறைவு. அதே தீயில் அது 35 நொடியில் போய்விடும். பழக்கப்பட்ட கையே தடுமாறும் அவகாசம் அது. குறைவாகத்தான் செய்வேன் என்பவர், பாகு காய்ச்சும்போது தீயையும் பாதியாக்கினால் இழந்த நொடிகள் திரும்பக் கிடைக்கும்.

தட்டில் கொட்டியதோடு வேலை முடிவதில்லை. சூடு இருக்கும்வரை படிகங்கள் முழுதாக இறுகியிருக்காது. கத்தி நேர்கோட்டில் இறங்கும். முழுதாக ஆறிய பிறகு வெட்டினால் விரிசல் கத்தியின் வழியே போகாமல் துளைகளின் வழியே போகும். கொட்டிய சில நிமிடங்களில், மேற்பரப்பு விரல் ஒட்டாத அளவுக்கு இறுகியதும் கோடு போட்டுவிட வேண்டும். துண்டுகளைப் பிரித்தெடுப்பது ஆறிய பிறகு.